பேர் வந்துச்சா

நாலு டிக்கெட் எழுநூத்தி அறுபது.
செல்போனில் எடுத்தால் தலைக்கு முப்பத்தைந்து கூட;
வசதிக் கட்டணமாம்,
யார் வசதிக்கென்று போடவில்லை.
முதுநகரிலிருந்து பாண்டி போய்வர பஸ்.
அப்புறம் இடைவேளையில்
பாப்கார்ன் வாசனைக்குத் திரும்பும் சின்னவன் கழுத்து.
போன தடவை வாசலில் பையைத் திறந்து
முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டான் காவலாளி.
கூச்சத்தோடுதான்.

சிப்காட் கேண்டீனில் எனக்கு நாளுக்கு நானூறு.
மூன்று நாள் சாம்பார் கிண்டினால்
இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்காரலாம்.

குப்புராஜ் கடையில் இருபது ரூபாய்க்கு
பென்டிரைவில் ஏற்றி வந்தார் இவர்.
குப்புராஜ் நாணயமானவன்;
படம் கலங்கலாக இருந்தால்
தெளிந்த பிரதி வந்ததும் சும்மா மாற்றித் தருவான்.

யாரோ மடியில் வைத்து எடுத்த படம்.
நீர் வற்றிய துறையில் சாயும் படகு மாதிரி
திரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
பாதியில் ஒரு தலை எழுந்து
கதாநாயகி முகத்தைக் கடந்து வெளியே போனது.
திரும்பியும் வந்தது.
சிரிப்புக் காட்சியில்
எங்களுக்கு முன்னால் அவர்கள் சிரித்தார்கள்,
முழுக் காசு கொடுத்தவர்கள்.
வசனம் புரியாத இடத்திலும்
அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு
நாங்களும் சிரித்தோம்.

இந்தப் படத்தில் என் தம்பி இருக்கிறான்.
நடிக்கவில்லை, செட் வேலை.
மழையில் அவள் சாய்ந்து அழுகிற சுவர்
அவன் பூசியது.
'கடைசியில பேர் ஓடும்க்கா.
பாவாடைராயன், கடலூர்னு
ஊரோட போடச் சொல்லியிருக்கேன்.'
மூன்று வாரப் பேட்டா பாக்கி.
'படம் ஓடினா கொடுத்துடுவாங்க'
என்றான், அதே குரலில்.

மழை வந்தது.
சுவர் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது.
பிறகு கடைசி வசனம், உடனே டிவியின் நீலத் திரை.
விளக்கு போடுமுன் ஓடியிருப்பான் எடுத்தவன்,
பாவம், அவனுக்கு என்ன அவசரமோ.

ராத்திரி போன்.
'பார்த்தியா?'
பார்த்தேன்.
'தியேட்டர்லதானே?'
பின்னே.
'பேர் வந்துச்சா?'
வந்துச்சுடா, பெரிசா.
இவர் என்னைப் பார்க்காமல் பாயைச் சுருட்டினார்.

புதன்கிழமை அரை நாள் லீவு.
கவுண்டரில் ஒற்றை டிக்கெட்.
ரெட்டிச்சாவடி தாண்டும்போதே
பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் போல
வயிறு கலங்கியிருந்தது.
அத்தனை நாற்காலிக்கு பதினோரு பேர்.

மழை வந்தது.
எங்கள் தெருவை விட அகலமான சுவர்.
நீலம்.
நனைய நனைய
மயில் கழுத்துக்குப் போகிற நீலம்.
அவள் தோளுக்கு மேலே
கரணை சுழித்த ஒரு தடம்,
எல்லோருக்கும் வலம் போகும் சுழி
இடக்கைக்காரன் இவனுக்கு இடம் போகும்.
எங்கள் அடுப்பங்கரைச் சுவரிலும் அதே சுழி.
அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

கடைசி வசனம்.
எழுத்துகள் ஏறத் தொடங்கின.
பெரிய பேர்கள், பெரிய எழுத்தில், மெதுவாக.
சின்ன எழுத்து வரும் நேரம்
விளக்கு எரிந்தது, திரை வெள்ளையானது,
துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் வந்தார்கள்.
'பேர் இன்னும் வரலையே' என்றேன்.
'யார் பேரு?' என்றாள் ஒருத்தி,
நாற்காலிக்கடியில் பொரியைக் கூட்டிக்கொண்டே.
'அடுத்த ஷோவுக்கு நேரமாச்சு, எழுந்திரும்மா.'

கன்னியகோயில் தாண்டி பஸ்ஸிலிருந்து போன் போட்டேன்.
அவன் கேட்பதற்குள்
'அந்தச் சுவர் என்ன நீலம்டா!' என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அங்கே யாரோ பலகை அறுக்கிற சத்தம்.
பிறகு சொன்னான்:
'அப்ப, அன்னிக்கு நீ பார்க்கலை.'